‘வண்டி’ ஏன் ‘வன்டி’ ஆகுது?

கேள்வி: டீச்சர் வணக்கம். என் பையன் 3ஆம் வகுப்பு. நல்லா வாசிக்கிறான், கதை சொல்லச் சொன்னா அரை மணி நேரம் சொல்லுவான், ஆனா சொல்வதெழுதுதல்னு வந்தா 10க்கு 3தான். வண்டிய ‘வன்டி’ன்னும் மூன்றை ‘மூண்று’ன்னும் எழுதுறான், பழம் ‘பளம்’ ஆயிடுது. தப்பானதெல்லாம் பத்து பத்து தடவை எழுதச் சொல்லி அனுப்புறாங்க, ராத்திரி அழுதுகிட்டே எழுதுறான், மறுநாளும் அதே தப்பு. என்ன பண்றது?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: முதல்ல அவன் நோட்ட எடுத்துப் பாருங்கம்மா. மூணாவது வரிக்கு மேல புள்ளைங்க வார்த்தையா எழுதாதுங்க, மேலருந்து கீழ வரிசையா பத்து ‘வ’, அப்புறம் பக்கத்துல பத்து ‘ன்’, அப்புறம் பத்து ‘டி’ன்னு தூண் கட்டிட்டுப் போயிடும், நான் எத்தனையோ நோட்டுல பாத்துட்டேன். கைதான் வலிக்கும், மனசுல ஒண்ணும் நிக்காது.

ரெண்டு சுழி மூணு சுழின்னு சொல்லிக் குடுக்குறத விட டண்ணகரம், றன்னகரம், தந்நகரம்னு பேர் சொல்லிக் குடுங்க, பேர்லயே விஷயம் இருக்கு. ட முன்னாடி ண் (வண்டி, நண்டு), ற முன்னாடி ன் (மூன்று, தென்றல்), த முன்னாடி ந் (பந்து, சந்தை). ‘வண்டி’ன்னு சொல்லி பாதியில ண்-லயே நிறுத்தச் சொல்லுங்க, நாக்கு மேல மடிஞ்சு நிக்கும், அதே இடத்துலருந்துதான் ‘டி’ வருது, அத அவனே கண்டுபிடிக்கிறப்ப மூஞ்சியப் பாக்கணும் நீங்க! ‘மூண்று’ வர்றது நாம பேசுறப்ப மூணு, ஒண்ணுன்னு சொல்றதால.

பழமும் அப்படித்தான். உங்க பக்கம் நிறைய பேர் பளம்னுதான் சொல்வாங்க, புள்ள காதுல விழுந்தத அப்படியே எழுதுறான், அது கவனக்குறைவே இல்ல, தயவுசெஞ்சு அதுக்கு அடிக்காதீங்க. தினம் ஒரு பக்கம் நீங்க ழ சுத்தமா வர்ற மாதிரி சத்தமா வாசிச்சுக் காட்டுங்க. ல-ள குழப்பம் வராம இருக்க பல்லி-பள்ளி, புலி-புளின்னு ஜோடியா எழுதி பக்கத்துலயே படம் போடச் சொல்லுங்க, அப்புறம் ‘பல்லிக்குப் போனேன்’னு எழுதினா அவனுக்கே சிரிப்பு வந்துடும்.

ர-ற மட்டும் காத நம்ப முடியாது, நம்மள்ல நிறைய பேர் பேச்சுல ரெண்டும் ஒண்ணாவே ஆயிடுச்சு, வாசிச்சு வாசிச்சு கண்ணுதான் பழகணும். ரெண்டு ர சேந்து வராது, அதனால காற்று, நேற்று எல்லாம் ற்றதான், இது ஒண்ண இப்ப சொல்லி வைங்க, போதும்.

வீட்ல நீங்க திருத்துறப்ப வார்த்தை முழுக்க பெருக்கல் குறி போடாதீங்க. ‘வன்டி’ல 3 எழுத்து, 2 சரி, அந்த ரெண்டுக்கும் டிக் போட்டுட்டு ன்-ஐ மட்டும் வட்டம் போடுங்க. சில நாள் அவன் சொல்லட்டும், நீங்க எழுதுங்க, வேணும்னே ஒரு தப்பு விடுங்க, எப்படிப் பிடிக்கிறான்னு பாருங்க. ஸ்கூல் மிஸ்கிட்டயும் பத்து தடவைக்குப் பதிலா ஒரு தடவை எழுதி அந்த வார்த்தைய வச்சு ஒரு வாக்கியம் எழுதிட்டு வரட்டுமான்னு தன்மையா கேளுங்க, கேட்டா பெரும்பாலும் சரின்னுதான் சொல்லுவாங்க.