கணினி அறிவியல் இடத்துக்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்காதீர்கள்

திருவொற்றியூரிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பிளஸ் டூ தேறிய உங்கள் மகன் தண்ணீர் மோட்டாரையும் அக்கம்பக்கத்தார் பைக்குகளையும் பிரித்துப் பூட்டுவதிலேயே பொழுதைக் கழிக்கிறான் என்றும், அவனுடைய தாய்மாமனோ நிர்வாக ஒதுக்கீட்டிலாவது கணினி அறிவியலில் சேர்த்தே தீர வேண்டும் என்கிறார் என்றும், அதற்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கலக்கம் நியாயமானதே. ஆனால் ஆறுதல் சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அந்த இடத்துக்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்காதீர்கள். நான்கு ஆண்டுக் கட்டணத்தையும் அதன் மேல் ஏறும் வட்டியையும் சுமக்கப்போவது தாய்மாமன் அல்லர். நீங்களும் உங்கள் மகனும்தான்.

உங்கள் பகுதியிலேயே ஒரு வழி இருக்கிறது: காலிக் கன்டெய்னர்களைத் தூக்கி அடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை. சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களில் இறங்கும் கன்டெய்னர்கள், சரக்கு எடுக்கப்பட்ட பிறகு மணலி, மாதவரம் பக்கத்து யார்டுகளில் அடுத்த ஏற்றுமதிக்காகக் காத்திருக்கின்றன. காலியான 40 அடிப் பெட்டியின் எடை சுமார் 4 டன்தான். ஆகவே சரக்கு நிரம்பிய பெட்டிகளுக்கான, 45 டன் தூக்கும் ரீச் ஸ்டாக்கர் என்ற இயந்திரத்தை அதற்குப் பயன்படுத்துவது வீண்; மாஸ்ட் எனப்படும் நெடிய தூக்குச் சட்டம் கொண்ட, 8 முதல் 10 டன் வரை தூக்கும் ‘எம்ப்டி கன்டெய்னர் ஹேண்ட்லர்’ என்ற தனி இயந்திரம் அந்த வேலையைச் செய்கிறது. பெட்டியின் ஒரு பக்க மேல்மூலைகள் இரண்டை மட்டும் அதன் ஸ்பிரெடர் என்ற பிடிச்சட்டம் பற்றிக்கொள்ள, ஏழு அடுக்கு, அதாவது ஏறத்தாழ 18 மீட்டர் உயரம் வரை பெட்டி ஏறுகிறது.

அவ்வளவு உயரம் தூக்கும் சூட்சுமம் மாஸ்டில் உள்ளது. ஹைட்ராலிக் சிலிண்டர் ஒரு மீட்டர் நீண்டால், கப்பி வழியாகச் செல்லும் சங்கிலி ஸ்பிரெடரை இரண்டு மீட்டர் உயர்த்திவிடும். இதனால் அந்தச் சங்கிலியின் தேய்மானத்தைக் கண்காணிப்பது உயிர் காக்கும் வேலையாகிறது: புதிதில் மொத்தம் 300 மில்லிமீட்டர் நீளமிருந்த கண்ணித் தொடர் 309 ஆகிவிட்டால், அதாவது 3 விழுக்காடு நீண்டுவிட்டால், சங்கிலியை மாற்றியாக வேண்டும். தூக்கி நிறுத்திய பெட்டி லீவரைத் தொடாமலே மெல்ல இறங்கினால், எண்ணெய் கசிவது சிலிண்டர் சீலிலா, கட்டுப்பாட்டு வால்விலா என்று கண்டுபிடிக்க வேண்டும். இவற்றுடன் எஞ்சின் விசையைத் திரவம் வழியாகக் கியர்பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர், எண்ணெயில் மூழ்கிய பிரேக் தட்டுகள், பெட்டியின் மூலையில் நுழைந்து திரும்பும் ட்விஸ்ட் லாக் பூட்டியதை உறுதிசெய்யும் சென்சார்கள் என அறிய வேண்டியவை ஏராளம். ஓர் இயந்திரம் நின்றால் வாசலில் டிரெய்லர்கள் வரிசை கட்டும். ஆகவே பழுதைச் சரியாகக் கண்டுபிடிப்பவருக்கு யார்டில் தனி மதிப்பு உண்டு.

ஓட்டுநர் வேலையை நான் சொல்லவில்லை. பராமரிப்புத் தொழில்நுட்பத்தையே சொல்கிறேன். பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு படித்தவர் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர முடியும். அரசுக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு. முடித்தபின், தரமணியிலுள்ள தென்மண்டலத் தொழில் பழகுநர் பயிற்சி வாரியத்தின் வழியாக ஓராண்டு உதவித்தொகையுடன் பயிற்சி பெறலாம். பின்னாளில் பொறியியல் பட்டம் வேண்டுமென்றாலும் அதிலும் இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம். படிக்கும்போதே மின்சுற்றுகளையும் அவன் ஊன்றிக் கற்கட்டும், ஏனெனில் இந்த இயந்திரங்களில் பேட்டரியில் இயங்கும் மாதிரிகளும் சந்தைக்கு வந்துவிட்டன.

வெயில், கிரீஸ், இரவுப் பணி, தொடக்கத்தில் ஒப்பந்த வேலை ஆகியவற்றை மறைத்து இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சேர்க்கைக்கு முன் தெரிந்தவர் மூலம் அனுமதி பெற்று, ஒரு யார்டின் பணிமனையில் அவன் ஒரு நாள் முழுவதும் இருக்கட்டும். வீடு திரும்பியதும் உறவினர் யாரும் உடனில்லாத நேரத்தில் அவனுடைய விருப்பத்தைக் கேளுங்கள். கணினிதான் வேண்டும் என்று அவனே சொன்னால், கலந்தாய்வில் கிடைக்கும் இடத்தில் சேருங்கள். அப்போதும் நிர்வாக ஒதுக்கீடு வேண்டாம்.