ஷோரூமில் 15, ஊர் அண்ணன் சொல்வது 11: பிக்கப் வாங்கலாமா?

கேள்வி: சார், கோத்தகிரி பக்கம் சொந்தமாக ஒன்றரை ஏக்கர், குத்தகைக்கு மூன்று ஏக்கர் வைத்துக் கேரட், பீட்ரூட், முட்டைகோஸ் போடுகிறேன். மேட்டுப்பாளையம் மண்டிக்கு 33 கிலோமீட்டர், வாடகை வண்டிதான். டிரிப்புக்கு 2,800 ரூபாய். சீசனில் மாதம் 10 டிரிப் ஆகும், வருஷத்தில் ஏழு மாதம் அப்படி ஓடும். சொந்தமாக ஒரு டீசல் பிக்கப் எடுக்க ஆசை. ஆன்ரோடு 10 லட்சம். மனைவியின் நகையை வைத்து 2 லட்சம் கட்டிவிட்டு 8 லட்சம் லோன் போட்டால், 10.5 சதவீத வட்டியில் 60 மாதத்துக்குத் தவணை 17,200 வருகிறது. லிட்டருக்கு 15 கிடைக்கும் என்று ஷோரூமில் சொல்கிறார்கள். அதே வண்டி வைத்திருக்கும் எங்கள் ஊர் அண்ணன், 11 தாண்டினால் அதிசயம் என்கிறார். 15 என்றால் வாடகை 28,000-ல் தவணையும் டீசலும் போக மாதம் 6,600 மிச்சம். 11 என்றால் கட்டுமா? யார் சொல்வதை நம்புவது? பெயர் போட வேண்டாம்.

பதில்: அண்ணன் சொல்வதை நம்புங்கள். ஆனால் ஷோரூம்காரரும் பொய் சொல்லவில்லை. அதைவிட முக்கியமாக ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் மைலேஜ்.

வண்டிக் கம்பெனி சொல்லும் மைலேஜ் சோதனைக் கூடத்தில் எடுத்தது. புனேயில் ஏஆர்ஏஐ, மானேசரில் ஐகேட் போன்ற இடங்களில் சக்கரத்தை உருளை மேல் ஏற்றி, ஒரு வேக அட்டவணைப்படி இருபது நிமிடத்துக்குள் ஓட்டி முடித்துவிடுவார்கள். அந்த அட்டவணையில் ஏற்றமும் கிடையாது, கொண்டை ஊசி வளைவும் கிடையாது. முழு பாரமும் ஏற்றுவதில்லை. இரண்டு வண்டிகளை ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் உதவும். உங்கள் பாக்கெட்டுக்கு உதவாது.

மலைக்கு வேறு கணக்கு. ஒரு டன் எடையை ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏறத்தாழ ஒரு லிட்டர் டீசல் வேண்டும். துல்லியமாகப் போட்டால் 0.9 லிட்டர்: டீசலில் இருக்கும் சக்தியில் முப்பது சதவீதம்தான் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது என்று வைத்துப் போட்ட கணக்கு இது. மேட்டுப்பாளையத்துக்கும் கோத்தகிரிக்கும் உயர வித்தியாசம் சுமார் ஒன்றரை கிலோமீட்டர். காலி பிக்கப் ஒன்றேமுக்கால் டன் இருக்கும். ஆக, நீங்கள் ஒரு மூட்டைகூட ஏற்றாமல் திரும்பி வந்தாலும், வண்டி தன்னைத் தானே மேலே தூக்கிக்கொள்ளவே 2.4 லிட்டர் எரிக்கும். ரோட்டில் உருள்வதற்கான டீசல் இதற்கு மேல். எந்தக் கம்பெனி வண்டி ஆனாலும் இந்த 2.4-ல் பெரிய மாற்றம் வராது.

போன மார்ச்சில் இதே ரூட்டில் பிக்கப் ஓட்டும் ஒரு வாடிக்கையாளர் தன் நோட்டை என் மேசையில் வைத்தார். அட்டை முழுக்கச் செம்மண். உள்ளே ஒவ்வொரு டிரிப்புக்கும் ஒரு வரி: தேதி, கீழே என்ன, மேலே என்ன, கிலோமீட்டர், லிட்டர். "கேரட் 28 மூட்டை / காலி / 66 / 5.8" என்று ஒரு வரி. நாலு வரி தள்ளி "கோஸ் / உரம் 1 டன் / 66 / 7.5". ஒவ்வொரு முறையும் ஒரே பெட்ரோல் பங்கில், பம்ப் தானாக நிற்கும் வரை டேங்க் ஃபுல் போட்டு எழுதியது. மைலேஜ் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. டேஷ்போர்டில் மின்னும் எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படுபவர்கள் படலாம், தப்பில்லை.

முதல் வரி 11.4 மைலேஜ். உங்கள் அண்ணன் சொன்னதுதான். இது எப்படி வருகிறது என்று பாருங்கள். காலியாக ஏறும்போது லிட்டருக்கு 8, பாரத்தோடு இறங்கும்போது 20. பலரும் எட்டையும் இருபதையும் கூட்டி இரண்டால் வகுத்து 14 என்பார்கள். அது தப்பு. ஏற 4.1 லிட்டர், இறங்க 1.7 லிட்டர், மொத்தம் 5.8. அறுபத்தாறை 5.8-ஆல் வகுத்தால் 11.4. இறக்கத்தில் மிச்சம் பிடித்து ஏற்றத்தைச் சரிக்கட்ட முடியாது, ஏனென்றால் டீசல் பெரும்பாலும் ஏற்றத்திலேயே தீர்ந்துவிடுகிறது.

இறக்கத்தில் ஏன் அந்த 1.7-கூட ஆகிறது என்று கேட்பீர்கள். ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்கு வரும்வரை மேடு பள்ளம். உறைபனிக் காலத்தில் விடியற்காலை நாலு மணிக்கு வண்டியைச் சூடாக்கக் கொஞ்ச நேரம். மண்டி வாசலில் வரிசையில் இன்ஜினை அணைக்காமல் நிற்பது. குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழ சீசனில் யானை ரோட்டில் நின்றால் அதுவாக நகரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதுதான், அதற்கு எந்த மைலேஜ் கணக்கும் கிடையாது.

டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடுபவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். இப்போதைய டீசல் இன்ஜின்களில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால் டீசல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் ஐட்லிங்கில் எரிந்துகொண்டிருக்கும். அதாவது நியூட்ரலில் விடுகிறவர் டீசலையும் விடுகிறார், பிரேக்கையும் விடுகிறார். ஏறும் கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது அப்படியே சரி. அடிவாரத்தில் வந்து நிற்கும் வண்டியிலிருந்து வரும் பிரேக் லைனிங் கருகிய வாசனை உங்களுக்குத் தெரியாததா?

நோட்டின் இரண்டாவது வரிதான் எனக்குப் பிடித்தது. உரம் ஏற்றிவந்த அன்று மைலேஜ் 8.8-க்கு விழுந்துவிட்டது. 1.7 லிட்டர் அதிகம். டீசல் லிட்டர் 94 ரூபாய் என்று வைத்தால் 160 ரூபாய் (உங்கள் ஊர் பெட்ரோல் பங்க் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்). ஆனால் அந்த ஒரு டன் உரத்துக்கு அவருக்குக் கிடைத்த வாடகை 1,200. மைலேஜ் குறைந்த நாளில்தான் அவர் கூடுதலாகச் சம்பாதித்திருக்கிறார். டீக்கடையில் 14, 15 என்று மைலேஜ் பெருமை பேசுகிறவர்களில் பாதிப் பேர் காலி வண்டியோடு மலை ஏறுகிறவர்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு. 15 கிடைத்தால் ஒரு டிரிப்புக்கு டீசல் 414 ரூபாய். நோட்டுக் கணக்குப்படி 545. வித்தியாசம் 131 ரூபாய். இவ்வளவுதான். மாதம் 10 டிரிப் போனாலும் 1,310. இதற்காக நீங்கள் தூக்கம் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

உங்கள் தூக்கத்தைக் கெடுக்க வேண்டியது "சீசனில்" என்ற அந்தச் சொல். மாதம் 10 டிரிப், ஏழு மாதம். வருஷத்துக்கு 70. ஆனால் 6,600 மிச்சம் என்று போட்டபோது பன்னிரண்டு மாதமும் 10 டிரிப் ஓடுவதாகப் போட்டுவிட்டீர்கள், தம்பி. தவணை பன்னிரண்டு மாதமும் வரும். கேரட் வராது.

தவணை வருஷத்துக்கு 2,06,400. இன்சூரன்ஸ் 38,000 வைக்கலாம்; சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் பிரீமியம் மட்டுமே 16,000 ரூபாய்க்கு மேல். சர்வீஸ், டயர், பிரேக் லைனிங், கிளட்ச் எல்லாம் சேர்த்து 42,000 என்பது என் மதிப்பீடு. சமவெளியில் ஓடும் வண்டிக்கு இவ்வளவு வேண்டாம், மலை லைனிங்கைத் தின்னும். ஆக, வண்டி வாசலில் சும்மா நின்றாலும் ஏறக்குறைய 2,86,400. ஒவ்வொரு டிரிப்புக்கும் டீசல், டீ, சாப்பாடு எல்லாம் 700 போனால் வாடகையில் உங்களுக்கு மிஞ்சுவது 2,100. வகுத்துப் பாருங்கள், 136 டிரிப். மைலேஜ் 15-ஆகவே இருந்திருந்தாலும் 128 டிரிப் வேண்டும். உங்களிடம் இருப்பதோ 70.

70 டிரிப்பில் வருவது 1,47,000. மாதம் 6,600 மிச்சம் என்று நீங்கள் எழுதிய இடத்தில், மாதம் 11,600 பற்றாக்குறை நிற்கிறது. நகைக் கடன் வட்டியை நான் இதில் சேர்க்கவே இல்லை. ஐந்து வருஷம் கழித்து வண்டி கையில் நிற்கும், விற்றால் காசு வரும், நிஜம்தான். ஆனால் ஐந்தாம் தேதி தவணைக்கு அந்தக் காசு உதவாது. இதுவும் நீங்களே ஓட்டினால்தான். டிரைவர் வைத்து டிரிப்புக்கு 700 கொடுத்தால் 136 என்பது 205 ஆகிவிடும்.

அதனால் இந்த சீசனில் வாங்க வேண்டாம் என்பது என் பதில். பழைய வண்டியும் தப்பிக்க வழியில்லை: மூன்றரை லட்சம் லோனை 14 சதவீதத்தில் மூன்று வருஷத்துக்குப் போட்டால் தவணை 12,000-ஐத் தொடும், ரிப்பேர் கூடும், அதற்கும் 110 டிரிப்புக்கு மேல் வேண்டியிருக்கும்.

வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. உங்கள் ஹட்டியிலும் (ஊரிலும்) பக்கத்து ஹட்டியிலும் இப்போது வாடகை வண்டி பிடிப்பவர்கள் யார் யார், வருஷத்துக்கு எத்தனை டிரிப், எந்தெந்த மாதம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பூண்டு போடுகிறவர்கள் இருந்தால் நல்லது, உங்கள் கேரட் இல்லாத மாதத்தில் அவர்கள் சரக்கு இருக்கலாம். அவர்களிடமிருந்து 50 டிரிப் வந்து, மேட்டுப்பாளையத்திலிருந்து உரமோ மளிகையோ சிமெண்டோ வருஷத்துக்கு 40 ரிட்டர்ன் லோடு கிடைத்தால் கணக்கு நேராகிவிடும். அந்த 40 ரிட்டர்ன் லோடு மட்டுமே 20 டிரிப்புக்குச் சமம். அப்போது அடுத்த சீசன் தொடக்கத்தில் எடுங்கள். சீசன் முடியும்போது எடுத்தால் முதல் ஐந்து தவணை கையிலிருந்து போகும்.

அப்படி எடுக்கும்போது சில விஷயங்கள். மொத்த எடை, அதாவது வண்டியும் பாரமும் சேர்த்து, 3,000 கிலோவுக்குள் இருக்கும் மாடல் என்றால் பெர்மிட் தேவையில்லை. கார் லைசென்ஸ் போதும், பேட்ஜ் வேண்டாம். அந்த லைசென்ஸ் 7,500 கிலோ வரை செல்லும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "இன்னும் நாலு மூட்டை போடு" என்பார்கள், போடாதீர்கள்: ஓவர்லோடுக்கு அபராதம் 20,000-ல் தொடங்கி, கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம் ஏறும். சரக்கு வண்டிக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியிருக்கிறது, உங்களிடம் கொடுத்த விலைப்பட்டியல் எந்தத் தேதியில் போட்டது என்று பாருங்கள்.

லோன் பற்றி ஒரு வார்த்தை. 10.5 சதவீதம் என்று எழுதியிருக்கிறீர்கள், தவணையும் அதற்குச் சரியாகவே வருகிறது. ஆனால் கடைசி நேரத்தில் யாராவது "7 சதவீதம்தான், ஃப்ளாட்" என்று வந்தால் மயங்காதீர்கள். அதே 8 லட்சத்துக்கு அதே 60 மாதத்தில் தவணை 18,000 ஆகும். நீங்கள் அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி மட்டும் முழு 8 லட்சத்துக்கும் போட்டுக்கொண்டிருப்பார்கள். நிஜ வட்டி 12.5 சதவீதம்.

புக்கிங் பணம் கட்டியிருக்கிறீர்களா என்று எழுதவில்லை. கட்டியிருந்தால் ரசீதின் பின்பக்கம் ரத்து செய்ய எத்தனை நாள் என்று பொடி எழுத்தில் இருக்கும், இன்றே படித்துவிடுங்கள். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.