ரத்தக் குழாய்க்குள் போன கட்டிக்குக் கதிர்வீச்சு

கேள்வி: அப்பாவுக்குக் கல்லீரல் புற்றுநோய். கட்டி போர்ட்டல் சிரைக்குள் பரவிவிட்டதால் அறுவை சிகிச்சை முடியாதாம். கதிர்வீச்சு கொடுத்தால் கல்லீரல் கெட்டுவிடாதா டாக்டர்?

பதில்: உங்கள் பயம் நியாயமானதுதான். முழுக் கல்லீரலும் அதிகக் கதிர்வீச்சைத் தாங்காது என்பதால் முன்பு நாங்களே தயங்கினோம். இப்போது கட்டியை மட்டும் குறிவைக்க முடிகிறது. மூச்சோடு சேர்ந்து கல்லீரலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலும் கீழும் நகரும். அதனால் மேசையில் படுத்திருப்பவரைச் சில நொடிகள் மூச்சைப் பிடிக்கச் சொல்வோம், அல்லது வயிற்றை லேசாக அழுத்தி வைப்போம். பல சமயம் ஐந்தே தடவையில் சிகிச்சை முடிந்துவிடும்.

குடலிலிருந்து ரத்தம் கல்லீரலுக்கு வரும் பாதைதான் அந்தப் போர்ட்டல் சிரை. அது அடைபட்டால் வயிற்றில் நீர் கோக்கும். கட்டி சுருங்கினால் பாதை ஓரளவு திறக்கலாம். ஆர்டிஓஜி 1112 என்ற ஆய்வில் சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மாத்திரை மட்டும் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 12.3 மாதம், அதற்கு முன் கதிர்வீச்சும் பெற்றவர்களுக்கு 15.8. அந்த மூன்றரை மாதத்தை நான் சின்னதாக நினைப்பதில்லை.

சரி, இன்று பலருக்கு முதலில் இம்யூனோதெரபி, அதாவது உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் ஊசிதான் போடுகிறார்கள். மஞ்சள் காமாலையோ வயிற்றில் நீரோ இருந்தால் கதிர்வீச்சு ஆபத்தாகலாம். கல்லீரல் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தப் பரிசோதனையில் காட்டும் அப்பாவின் பிலிருபின், அல்புமின் அளவுகளோடு புற்றுநோய்க் கதிர்வீச்சு மருத்துவரைச் சீக்கிரம் பாருங்கள் அம்மா.