ப்ரொக்ரெசிவ் ராக்ல தீவிர ரசிகர்கள் உண்மையிலேயே தூக்கி வச்சுக் கொண்டாடுற பேண்டுகள் எவை?

அதிகமா வித்த ப்ரொக்ரெசிவ் ராக் (நீளமான, சிக்கலான அமைப்புள்ள ராக் இசை) பேண்ட் எதுன்னு நீங்க கேட்டிருந்தா பிங்க் ஃப்ளாய்டுன்னு ஒரே வரில முடிச்சிருப்பேன். 1973ல வந்த 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' அமெரிக்க பில்போர்டு ஆல்பம் பட்டியல்ல மொத்தமா 900 வாரத்துக்கு மேல இருந்திருக்கு, இந்த இசையில அந்தப் பக்கமே வேற யாரும் வர முடியாது. ஆனா நீங்க கேட்டது இந்த இசையே கதின்னு கிடக்குற ரசிகர்கள் யாரைக் கொண்டாடுறாங்கன்னு. அதுக்குப் பதில் கொஞ்சம் நீளம். ரொம்ப வருஷமா இதைக் கேட்டுக்கிட்டும், இதே பித்து பிடிச்சவங்களோட விடிய விடிய பேசிக்கிட்டும் இருக்கறதுல எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். தீவிர ரசிகருக்கு பேண்டோட பேரு பெருசே கிடையாது. எந்த வருஷம், அந்த வருஷத்துல யார் யார் வாசிச்சாங்க, அதான் அவங்களுக்கு முக்கியம். 'எனக்கு ஜெனிசிஸ் பிடிக்கும்'னு சும்மா சொல்லிப் பாருங்க, அடுத்த நொடியே 'எந்த ஜெனிசிஸ்?'னு கேப்பாங்க. 1975 வரைக்கும் பீட்டர் கேப்ரியல் பாடின ஜெனிசிஸா, அவர் போனப்புறம் டிரம்மர் ஃபில் காலின்ஸே பாட ஆரம்பிச்ச ஜெனிசிஸா, அதுலயும் கிடாரிஸ்ட் ஸ்டீவ் ஹாக்கெட் 1977ல விலகுறதுக்கு முன்னாடியா பின்னாடியா... 80கள்ல ஹிட்டுக்கு மேல ஹிட்டா வித்துத் தள்ளினது பிந்தைய ஜெனிசிஸ்தான், ஆனா ரசிகர்கள் உயிரை விடுறது முந்தையதுக்கு. அதனால நான் கீழ எந்த பேண்டைச் சொன்னாலும் காலத்தையும் சேர்த்தே சொல்றேன்.

என்னைக் கேட்டா எல்லாத்துக்கும் நடுவுல நிக்கிறது கிங் கிரிம்ஸன். 1969 அக்டோபர்ல வந்த அவங்க முதல் ஆல்பம் 'இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்ஸன் கிங்'லேர்ந்துதான் பல பேரு ப்ராக் (ப்ரொக்ரெசிவ் ராக்) வரலாறையே எண்ண ஆரம்பிப்பாங்க. அந்த ஆல்பம் வந்து சில மாசத்துலயே லைன்-அப் (அப்போ வாசிச்ச கூட்டணி) உடைஞ்சு போச்சு, பாடகர் கிரெக் லேக் எமர்சன் லேக் அண்ட் பாமர் ஆரம்பிக்கக் கிளம்பிட்டாரு, அதுக்கப்புறம் இந்த பேண்டுல ஆள் வர்றதும் போறதும் நிக்கவே இல்ல, கடைசி வரைக்கும் மாறாம இருந்தது கிடாரிஸ்ட் ராபர்ட் ஃப்ரிப் ஒருத்தர் மட்டும்தான். சாதாரணமா இப்படி ஆள் மாறிக்கிட்டே இருந்தா பேண்ட் காணாமப் போயிடும். இங்க ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு பேண்ட் பிறந்துச்சு. 1973-74ல ஜான் வெட்டன், பில் புரூஃபோர்டோட இருந்த கிரிம்ஸன் இரும்பு மாதிரி கனம். 1981ல ஏட்ரியன் பெலூ, டோனி லெவின் வந்து 'டிசிப்ளின்' போட்டப்போ ரெண்டு கிடாரும் வேற வேற தாள எண்ணிக்கையில ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக்கிட்டு ஓடுது, அதே பேண்டுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. 2014லேர்ந்து 2021 வரைக்கும் சுத்தின கடைசி லைன்-அப்ல மூணு டிரம்மர்களை மேடைக்கு முன்னாடி வரிசையா உக்கார வச்சு வாசிச்சாங்க.

கிரிம்ஸன்ல ஒரே ஒரு பாட்டைக் காட்டுன்னு யாராவது சொன்னா நான் 1974ல வந்த 'ரெட்' ஆல்பத்தோட கடைசிப் பாட்டு 'ஸ்டார்லெஸ்'தான் போடுவேன். 12 நிமிஷம். முதல்ல மெலட்ரான்ல சோகமா ஒரு மெட்டு வருது (மெலட்ரான்னா ஒவ்வொரு கட்டைக்கும் அடியில ஒரு டேப் துண்டு ஓடுற பழைய கீபோர்டு, ஒரு நோட்டை 8 செகண்டுக்கு மேல பிடிக்க முடியாது), அது மேல வெட்டன் பாடுறாரு, நாலு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல பாட்டு முடிஞ்சிடுது. அப்புறம்தான் விஷயமே. பேஸ் கிடார் 13 எண்ணிக்கையில ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப சுத்துது, அது மேல ஃப்ரிப் ஒரே ஒரு நோட்டை ரெண்டு கம்பில மாத்தி மாத்தி அடிச்சுக்கிட்டே இருக்காரு, கொஞ்ச நேரம் கழிச்சு சின்னதா மேல ஏறுறாரு, மறுபடி அடிச்சுக்கிட்டே இருக்காரு, டிரம்ஸ் முதல்ல ஓரமா தட்டிக்கிட்டு இருந்தது மெல்ல மெல்ல உள்ள வருது, கேக்கறவனுக்கு மூச்சு முட்டுற அளவுக்கு இறுக்கிக்கிட்டே போயி சட்டுன்னு வெடிச்சு சாக்ஸபோன் பாஞ்சு வருது. கடைசில ஆரம்பத்துல வந்த அதே மெட்டு முழு பலத்தோட திரும்புது பாருங்க, அந்த இடத்துல அழுதவங்களை எனக்குத் தெரியும். இந்த ஆல்பம் கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே ஃப்ரிப் பேண்டைக் கலைச்சிட்டாரு. அதனாலயே அந்தக் கடைசி ரெண்டு நிமிஷம் இன்னும் கனமா இறங்குது.

அடுத்தது யெஸ். இங்கயும் காலம் முக்கியம்: 1971 'ஃப்ராஜைல்', 1972 'க்ளோஸ் டு த எட்ஜ்', இந்த ரெண்டையும் பத்தி யாரும் சண்டை போட மாட்டாங்க. 'க்ளோஸ் டு த எட்ஜ்'ல மொத்தமே மூணு பாட்டுதான், டைட்டில் பாட்டு மட்டும் 18 நிமிஷத்துக்கு மேல, இசைத்தட்டோட ஒரு பக்கம் முழுக்க. தண்ணி ஓடுற சத்தம், பறவைச் சத்தம் எல்லாம் மெல்ல மெல்ல ஏறி வந்து திடுதிப்புன்னு ஸ்டீவ் ஹவ்வோட கிடார் நாலாபக்கமும் சிதறும், முதல் தடவை கேக்கறப்போ ஒண்ணுமே பிடிபடாது, நாலஞ்சு தடவை கேட்டப்புறம் ஒவ்வொருத்தரும் எங்க போறாங்கன்னு காது தனியா பிடிச்சுக்கும். என் காது எப்பவும் கிறிஸ் ஸ்கொயரோட பேஸ் பக்கமே போயிடும், பேஸையே முன்னாடி நின்னு பாடுற வாத்தியமா ஆக்கினவர் அவரு. இந்த ஆல்பம் ரெக்கார்டிங் முடிஞ்ச கையோட டிரம்மர் பில் புரூஃபோர்டு யெஸ்ஸை விட்டுட்டு கிங் கிரிம்ஸனுக்குப் போயிட்டாரு. பேண்ட் உச்சத்துல இருக்கறப்போ ஒருத்தர் காசையும் பேரையும் விட்டுட்டு இன்னும் கஷ்டமான இசையைத் தேடிப் போனாரேன்னு அவரை ரசிகர்கள் இன்னிக்கும் தனி மரியாதையோடதான் பேசுவாங்க. அடுத்த வருஷம் வந்த 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' ரெட்டை ஆல்பம், மொத்தம் நாலே பாட்டு, பக்கத்துக்கு ஒண்ணு. கூட்டம் ரெண்டா பிரியறது அங்கதான். கீபோர்டு வாசிச்ச ரிக் வேக்மனுக்கே அது பிடிக்காம விலகிட்டாரு. நான் அந்த ஆல்பத்தோட பக்கம்தான், முதல் பக்கத்தையும் நாலாவது பக்கத்தையும் பொறுமையா கேட்டுட்டு அப்புறம் பேசுங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே இருக்கேன்.

ஜெனிசிஸ்ல 1972 'ஃபாக்ஸ்ட்ராட்'ல இருக்குற 'ஸப்பர்ஸ் ரெடி', ஏழு பகுதியா 23 நிமிஷம். அதுல கடைசிக்கு முன்னாடி பகுதில பின்னாடி எல்லாரும் 9 எண்ணிக்கையில நிக்க, டோனி பேங்க்ஸ் ஆர்கன்ல அதைக் கண்டுக்காம தன் போக்குல போவாரு, ரெண்டும் எங்கயோ போயி சேருற இடம் இருக்கே, அதுக்காகவே முழுப் பாட்டையும் கேக்கலாம். கேப்ரியல் மேடையில நரித்தலை, பூ வேஷம்னு போட்டுக்கிட்டுப் பாடினதெல்லாம் படமா பார்த்திருப்பீங்க. ஆனா ரசிகர்கள்கிட்ட ஓட்டு எடுத்தா 1973 'செல்லிங் இங்க்லண்ட் பை த பவுண்ட்'தான் முன்னாடி நிக்கும்னு நினைக்கிறேன், ஹாக்கெட்டோட கிடார் சோலோ 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்'ல வர்றது ஒண்ணு போதும்.

பிங்க் ஃப்ளாய்டை இந்தக் கூட்டத்துல சேக்கலாமான்னே சில பேரு சண்டைக்கு வருவாங்க, தாளத்துல பெரிய வித்தை கிடையாது, வாசிப்புல வேகம் கிடையாதுன்னு. எனக்கு அந்த வாதம் ஏறவே இல்ல. 1971 'எக்கோஸ்' 23 நிமிஷம் கேட்டுட்டு இது ப்ராக் இல்லன்னு ஒருத்தர் சொன்னா அவரோட பேச எனக்கு ஒண்ணுமில்ல. ஊரே 'டார்க் சைட்'டைச் சொல்லும், தீவிர ரசிகர்கள் பல பேரு 1977 'அனிமல்ஸ்'ஐ சொல்வாங்க.

ஜெத்ரோ டல்லுக்கு 1972 'திக் அஸ் எ ப்ரிக்', ஆல்பம் முழுக்க ஒரே பாட்டு, அட்டையே ஒரு முழு செய்தித்தாள். எமர்சன் லேக் அண்ட் பாமர் அந்தக் காலத்துல ஸ்டேடியம் ஸ்டேடியமா நிறைச்சவங்க, இப்போ ரசிகர்கள் மத்தியில மத்தவங்க அளவுக்கு வேகம் இல்ல, ஆனா மூக் சிந்தசைசரை (மின்னணு முறையில சத்தம் உருவாக்குற கருவி) மேடைக்குக் கொண்டு வந்து காட்டினதுல கீத் எமர்சனை யாரும் மறக்க மாட்டாங்க.

விசுவாசம்னு எடுத்தா ரஷ் ரசிகர்களை யாரும் அடிச்சுக்க முடியாது. கனடாக்காரங்க, மூணே பேரு. 1975ல ஒரு ஆல்பம் சரியா போகல, கம்பெனி சின்னப் பாட்டா போடுங்கன்னு நெருக்குச்சு, அவங்க 1976ல '2112'ன்னு 20 நிமிஷப் பாட்டைக் கொண்டு வந்து நிறுத்தினாங்க, அதுதான் அவங்களைக் காப்பாத்துச்சு. அந்த முடிவுக்காகவே ரசிகர்கள் அவங்க கூட வாழ்நாள் பூரா நின்னாங்க. 1981 'மூவிங் பிக்சர்ஸ்'ல 'ஒய் ஒய் ஸெட்' (YYZ)னு ஒரு பாட்டு, டொராண்டோ விமான நிலையத்தோட குறியீடு அது, அந்த மூணு எழுத்தையும் மோர்ஸ் தந்தில அடிச்சா என்ன தாளம் வருமோ அதையே ஆரம்பமா வச்சிருக்காங்க. வார்த்தையே இல்லாத அந்தப் பாட்டுக்குக்கூட மொத்தக் கூட்டமும் சேந்து பாடும். 2020 ஜனவரில டிரம்மர் நீல் பியர்ட் இறந்துபோனப்போ வீட்டுல ஒருத்தரை இழந்த மாதிரி அழுதாங்க.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் வெளியாளுங்களுக்கும் தெரிஞ்ச பேரு. ஒருத்தர் தீவிர ரசிகரான்னு கண்டுபிடிக்கணும்னா அடுத்த வட்டத்தைப் பத்தி பேசிப் பாருங்க. வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர், பீட்டர் ஹாமிலோட குரல், ஆர்கன், சாக்ஸபோன், கிடார் பேருக்குத்தான் இருக்கும், அவ்வளவு இருட்டான இசை, அவங்க 1971 'பான் ஹார்ட்ஸ்' சொந்த நாடான இங்கிலாந்துல பட்டியல் பக்கமே போகாம இத்தாலில முதலிடத்துக்குப் போச்சு. ஜென்டில் ஜயண்ட், ஷுல்மன் அண்ணன் தம்பிங்க ஆரம்பிச்சது, நாலஞ்சு குரல் வேற வேற வரியை வேற வேற நேரத்துல பாடி ஒண்ணா வந்து சேரும், 1972 'ஆக்டோபஸ்'ல கேளுங்க. 1980ல கலைச்சாங்க, மத்த பேண்டெல்லாம் காசுக்காகத் திரும்பத் திரும்ப ஒண்ணு சேந்தப்போ இவங்க பழைய பேரை வச்சு ஊர் சுத்தவே இல்ல, அதுக்காகவே எனக்கு இவங்க மேல தனிப் பாசம். மென்மையா வேணும்னா கேமல், வார்த்தையே இல்லாத 1975 'த ஸ்னோ கூஸ்'. ஃப்ரான்ஸ்ல மாக்மான்னு ஒரு பேண்ட், டிரம்மர் கிறிஸ்டியன் வாண்டர் கோபாயன்னு ஒரு மொழியையே சொந்தமா உருவாக்கி அதுல பாட வச்சாரு, அதோட ரசிகர்கள் அதை ஒரு வழிபாடு மாதிரி நடத்துறாங்க. இத்தாலில பி.எஃப்.எம்., பாங்கோ ரெண்டும் தனி உலகம், இங்கிலாந்துக்காரங்களைவிட இவங்கதான் மேலன்னு சொல்றவங்களும் நிறைய இருக்காங்க, சில நாள் நானும் அந்தப் பக்கம் சாய்வேன்.

80கள்ல இந்த இசையைப் பத்திரிகைகள் செத்துப்போச்சுன்னு எழுதினப்போ வந்தது மரிலியன். 1985 'மிஸ்ப்ளேஸ்டு சைல்ட்ஹுட்' பெரிய வெற்றி, அப்புறம் பாடகர் ஃபிஷ் 1988ல போயிட்டாரு, ஸ்டீவ் ஹோகார்த் வந்தாரு, பேரு புகழெல்லாம் குறைஞ்சுது, ரசிகர்கள் மட்டும் அப்படியே நின்னாங்க. 1997ல அமெரிக்காவுக்கு வர கையில காசில்லன்னு பேண்ட் சொன்னப்போ ரசிகர்களே இன்டர்நெட்ல பேசி வச்சுக்கிட்டு கிட்டத்தட்ட 60,000 டாலர் சேத்துக் குடுத்து வரவழைச்சாங்க. கூட்டா நிதி திரட்ட இணையதளங்கள் எல்லாம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. அதைப் பார்த்துட்டு பேண்டே 2001ல வெளியிட்ட ஆல்பத்துக்கு, இன்னும் ஒரு பாட்டுகூட ரெக்கார்டு பண்ணாத நிலையில முன்பணம் கேட்டாங்க, 12,000 பேருக்கு மேல குடுத்தாங்க. ரசிகர்கள் தங்களோட பேண்டை எந்த அளவுக்கு நேசிக்கிறாங்கன்னு கேட்டா நான் முதல்ல சொல்ற உதாரணம் இதுதான்.

இப்போ இருக்குற தலைமுறையில ட்ரீம் தியேட்டர், டூல், ஓபெத், போர்க்கியுபைன் ட்ரீ இந்த நாலும்தான் பெரும்பாலும் பேச்சுல வரும். ட்ரீம் தியேட்டருக்கு 1992 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்', 1999 'சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி' ரெண்டும். டிரம்மர் மைக் போர்ட்னாய் 2010ல விலகி 2023ல திரும்பி வந்தப்போ ரசிகர்கள் கொண்டாடினதைப் பார்த்தா முன்னாடி நான் சொன்ன லைன்-அப் பித்து இன்னும் குறையலன்னு தெரியும். டூல் ரசிகர்கள் 2006க்கு அப்புறம் அடுத்த ஆல்பத்துக்காக 13 வருஷம் காத்திருந்தாங்க. அவங்களோட 2001 'லாடராலஸ்' பாட்டுல வரிகளோட அசை எண்ணிக்கை 1, 1, 2, 3, 5, 8னு ஃபிபனாச்சி வரிசையில ஏறி இறங்கும், அது தெரியாம கேட்டாலும் உடம்பு அதோட சேந்து ஏறி இறங்கும்.

போர்க்கியுபைன் ட்ரீயோட ஸ்டீவன் வில்சனைத் தனியா சொல்லணும், ஏன்னா 2009லேர்ந்து கிங் கிரிம்ஸன், யெஸ், ஜெத்ரோ டல், ஜென்டில் ஜயண்ட்னு பழைய ஆல்பங்களோட ஒரிஜினல் டேப்பை எடுத்து திரும்ப மிக்ஸ் பண்ணிக் குடுத்தவர் அவரு. பழசை மாத்தாம, உள்ள புதைஞ்சு கிடந்த சத்தத்தை மட்டும் மேல கொண்டு வந்திருக்காரு. புதுசா உள்ள வர்றவங்களுக்கு நான் சொல்றது இதுதான், 'க்ளோஸ் டு த எட்ஜ்'ஐ அவரோட 2013 ரிமிக்ஸ்ல நல்ல ஹெட்ஃபோன்ல ஒரே மூச்சுல கேளுங்க, போனை ஓரமா வச்சிடுங்க, புரியலன்னா மறுநாள் திரும்பப் போடுங்க, அப்புறம் 'ரெட்' பக்கம் போங்க.