ஒருமுறை தற்கொலைக்கு முயன்று மனநலச் சிகிச்சையில் இருப்பவர் மறுபடியும் முயல என்ன மனக்காரணங்கள்? வீட்டார் எதைக் கவனிக்க வேண்டும்?

நோயின் பெயரை மட்டும் வைத்து இதைக் கணிக்க முடியாது. ஒரே மனச்சோர்வு, ஒரே மருந்து. ஆனாலும் இருவரில் ஒருவர்தான் மறுபடி அந்த எண்ணத்துக்குப் போகிறார். முதலில் பார்க்க வேண்டியது, இனி எதுவும் மாறாது என்ற உறுதி. துக்கத்தைவிட ஆபத்தானது இதுதான். "இனிமே என்ன இருக்கு" என்ற பேச்சில் அது வெளிப்படும். அடுத்தது, தான் ஒரு சுமை என்ற நினைப்பு: "நான் இருக்கறதால உங்களுக்குச் செலவுதான்." இப்படிச் சொன்னால் "அசட்டுத்தனமா பேசாதே" என்று வாயை அடைக்காதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பலருக்கு அப்போதுதான் பேச வாய் வருகிறது.

முன்பின் யோசிக்காத அவசரம், தூக்கமின்மை, குடி, சாகச் சொல்லி அதட்டுவதாக அவருக்கு மட்டும் கேட்கும் குரல்கள், முதல் முயற்சிக்குப் பிறகு வரும் அவமானம் ஆகியவையும் அபாயத்தைக் கூட்டும். அவமானத்தைப் பெரும்பாலும் நாமே வளர்க்கிறோம். "குடும்ப மானத்தை வாங்கிட்டியே" என்ற ஒரு வசை, அவர் ஏற்கெனவே தன்னைப் பற்றி நினைப்பதை உறுதிப்படுத்திவிடும்.

அதிகம் தவறவிடப்படுவது ஒன்று உண்டு. சில மனநல மருந்துகளால் உட்கார முடியாமல், கால் நிலைகொள்ளாமல் தவிப்பு வரும். நோய் முற்றிவிட்டது என்று வீட்டார் நினைப்பார்கள். தாங்க முடியாத அந்தத் தவிப்பே சாகும் எண்ணத்தைத் தூண்டலாம். மருத்துவரிடம் அன்றே சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றுவார். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தன்னைத் தானே வருத்திக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் ஓராண்டுக்குள் மறுபடி அப்படிச் செய்கிறார். வார்டிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களில்தான் அபாயம் மிக அதிகம். 'நல்லாயிட்டார்' என்று எல்லோரும் தளரும் நேரமும் அதுதான். ஒரு வாரத்துக்குள் மறுசந்திப்பு நாளை வாங்காமல் டிஸ்சார்ஜ் ஆகாதீர்கள். மாத்திரையை ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்கி, வீட்டில் ஒருவர் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பூச்சிமருந்து வீட்டிலோ கொல்லையிலோ இருக்கவே கூடாது. சாக வேண்டும் என்ற வேகம் பலருக்குச் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். கைக்கு எட்டாத தூரம் அந்த நேரத்தைக் கடத்திக் கொடுக்கிறது.

தொடர்பு விடாமல் இருப்பதன் பலனுக்குச் சான்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளின் ஊர்களில் தற்கொலைக்கு முயன்ற 1,867 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தி 2008-இல் வெளியிட்டது. ஒரு மணி நேர ஆலோசனையும், 18 மாதத்தில் 9 முறை போனிலோ நேரிலோ விசாரிப்பும், அவ்வளவுதான். அப்படி விசாரிக்கப்பட்டவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 0.2%, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2%.

போலீஸ் கேஸ் ஆகும் என்ற பயத்தில் 'தெரியாமல் நடந்தது' என்று சொல்லிவிடும் குடும்பங்கள் உண்டு. அதனால் மனநல மருத்துவரைப் பார்க்காமலேயே நோயாளி வீட்டுக்கு வந்துவிடுகிறார். இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதச் சொல்கிறது. வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை தண்டனை இல்லை. மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள்.

இப்போதே அந்த எண்ணம் இருந்தால் தனியாக இருக்க வேண்டாம். இந்த உதவி எண்களில் பேசுங்கள்: இந்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் 104, சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பு ஸ்நேகா 044-24640050, இலங்கையில் 1926. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் தமிழ்நாட்டில் 108-ஐ அழையுங்கள்.