செப்டெம்பர் 1 – நவம்பர் 30: ஷெங்கன் விசா போதாது

ஆற்றுகைக்காக மூன்று மாதம் ஜேர்மனிக்குப் போக அழைப்பு வந்தும் விசா மறுத்துவிட்டினம் என்று கேட்டிருந்தீங்கள். மூன்று மாதம் என்றாலும் எண்ணிப் பாருங்கோ, 91 நாள். ஷெங்கன் விசாவில் (ஜேர்மனி உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குமான பொது விசா) 180 நாளுக்குள் 90 நாள்தான் இருக்கலாம். போய் இறங்கும் நாளும் திரும்பும் நாளும் கணக்கில் சேரும். விண்ணப்பத்தை மறுத்தது பெரும்பாலும் இதனால்தான். அடையாளம் பற்றிய உங்கட ஆற்றுகையில் பிழை தேடாதேங்கோ.

அழைப்புக் கடிதத்தில் தங்கும் காலத்தை நவம்பர் 25 உடன் முடித்துத் தரச்சொல்லி, அழைத்த ஜேர்மன்காரரிடம் கேளுங்கோ. ஒரு மின்னஞ்சல் வேலை. ஆனால் அந்த 180 நாளுக்குள் ஏற்கெனவே ஏதாவது ஷெங்கன் நாட்டுக்குப் போயிருந்தால் அந்த நாட்களும் கழியும். போய் வந்த திகதிகளைப் பாருங்கோ.

உங்கட சக்கர நாற்காலிக்குத் துணையாக வரும் தங்கச்சிக்கும் தனி விசா, தனிக் காப்புறுதி (குறைந்தது 30,000 யூரோ) வேணும். கடிதத்தில் அவவின்ர பெயரும் இருக்கட்டும்.

கடிதத்தில் உங்களுக்குத் தரும் கொடுப்பனவைச் 'சம்பளம்' என்று எழுதியிருந்தால் வேலைக்குப் போவதாக எடுக்கலாம்; அப்ப நாளைக் குறைத்தும் சிக்கல் தீராது, அதை முதலில் பாருங்கோ.