பல் எக்ஸ்றே பயமா? கேளுங்கள், சொல்கிறேன்

யாழ்ப்பாணத்தில் இருபது வருடத்துக்கு மேலாகப் பல் பிடுங்கியும் அடைத்தும் வருகிறேன். எக்ஸ்றே பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றுக்குப் பதில் இது.

கொக்குவில்: டொக்டர், நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. கடைவாய்ப் பல் குத்துகிறது, கன்னமும் வீங்கிவிட்டது. எக்ஸ்றே வேண்டும் என்கிறார்கள். மாமி வேண்டவே வேண்டாம் என்கிறா.

பதில்: எடுங்கள் தங்கச்சி. கதிர் போவது கன்னத்துக்கு, வயிற்றுப் பக்கம் வந்து சேருவது கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. மாமி பயப்பட வேண்டியது அந்த வீக்கத்துக்குத்தான். வேரில் சீழ் பிடித்துக் காய்ச்சலும் வந்தால் உங்களுக்கும் கெடுதல், பிள்ளைக்கும் கெடுதல். சும்மா செக்கப் என்றால் பிள்ளை பிறந்த பிறகு பார்க்கலாம், இது அப்படியல்ல. கர்ப்பம் என்பதை முதலே சொல்லிவிடுங்கள், மருந்து எழுதவும் அது தெரிய வேண்டும்.

சுன்னாகம்: எவ்வளவு கதிர் என்று எண்ணில் சொல்ல முடியுமா?

பதில்: கணக்கு ஆசிரியர் போல. சரி, மண், காற்று, வானம், சாப்பாடு என்று இயற்கையிலிருந்தே ஒருவருக்கு வருடத்துக்கு 2.4 மில்லிசீவேர்ட் (கதிரை அளக்கும் அலகு) கதிர் கிடைக்கிறது, இது உலகச் சராசரி. நாளுக்குப் பிரித்தால் 6, 7 மைக்ரோசீவேர்ட் (ஆயிரம் மைக்ரோ சேர்ந்தால் ஒரு மில்லி). டிஜிட்டலில் எடுக்கும் சின்னப் பல் படம் ஒன்று பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். முழுத் தாடையும் விழும் ஓபிஜி சில நாள் கணக்கு. சிபிசிடி என்கிற முப்பரிமாண ஸ்கேன் வேறு சாதி, மெஷினையும் எடுக்கும் பரப்பையும் பொறுத்து ஓபிஜியைவிடப் பல மடங்கு ஏறலாம். இம்பிளாண்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்க, நரம்போடு ஒட்டிக் கிடக்கும் ஞானப்பல்லை எடுக்க என்று தக்க காரணம் இருந்தால்தான் அதற்குப் போக வேண்டும்.

மானிப்பாய்: எனக்கு ஈயக் கவசம் போடாமலே எடுத்தார்கள். சண்டை பிடிக்கலாமா?

பதில்: வேண்டாம் அண்ணா. அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கமே 2024இல் வயிற்றுக் கவசமும் கழுத்துப் பட்டியும் இனித் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. கதிரைப் பல்லளவுக்குக் குறுக்கி விடுவதுதான் பெரிய பாதுகாப்பு, கழுத்துப் பட்டி சிலவேளை படத்தையே மறைத்து இரண்டாம் தரம் எடுக்க வைக்கும். சண்டை பிடிக்க வேண்டுமென்றால் மெஷினுக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இலங்கையில் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டப்படி அது இருக்க வேண்டும்.

டொரன்டோ, இப்போது நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருப்பவர்: போன மாதம்தான் அங்கே வாய் முழுக்கப் படம் எடுத்தேன். இங்கே திரும்ப எடுக்கச் சொல்கிறார்கள்.

பதில்: அங்கேயுள்ள கிளினிக்குக்கு எழுதிக் கேளுங்கள், போனுக்கே அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகும் புதுப் படம் வேண்டுமென்றால், "இதைப் பார்த்து என்ன முடிவெடுக்கப் போகிறீர்கள் டொக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். எங்கள் சனம் கேட்காது, கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கும். என்னைக் கேட்டவர்களால் நானே எடுக்க இருந்த படங்களைக் கைவிட்டிருக்கிறேன். ஆனால் இந்தக் கிழமை புதிதாக நோ வந்திருந்தால் அந்தப் பல்லுக்கு மட்டும் ஒரு படம் நியாயம்தான்.

சாவகச்சேரி: மகனுக்கு 8 வயது. வருடா வருடம் எடுக்க வேண்டுமா?

பதில்: கணக்கு வருடத்தில் இல்லை, வாயில் இருக்கிறது. சூத்தை அடிக்கடி வரும் பிள்ளைக்கு வருடத்துக்குள்ளேயே தேவைப்படலாம், இரண்டு பல்லுக்கு நடுவில் ஒளிந்திருக்கும் சூத்தை கண்ணுக்குத் தெரியாது. பல் சுத்தமாக உள்ள பிள்ளைக்கு இரண்டு வருடம்கூடப் பொறுக்கலாம்.

வடமராட்சி: அப்பு வெற்றிலையும் புகையிலையும் போடுபவர். கன்னத்துக்குள் வெள்ளையாய்ப் படர்ந்திருக்கிறது. எக்ஸ்றேயில் புற்றுநோய் தெரியுமா?

பதில்: தெரியாது தம்பி. எக்ஸ்றே காட்டுவது பல்லையும் எலும்பையும். தோலில் தொடங்குவது அதில் விழாது, எலும்புக்குள் இறங்கிய பிறகு விழுந்து என்ன பயன்? வாயைத் திறந்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், சந்தேகம் என்றால் சின்னத் துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும். நோ இல்லை என்று அப்பு சொல்வார், நம்பாதீர்கள், தொடக்கத்தில் நோகாது. இந்தக் கிழமையே கூட்டிக்கொண்டு போங்கள்.